ஆள் ஏறினா மட்டும் குதிரையோட பின்பக்கம் ஏன் தகராறு பண்ணுது?

தம்பி, நீங்க சொன்னத ஒருவாட்டி திருப்பிச் சொல்லிப் பாக்கறேன், நான் சரியா புரிஞ்சுகிட்டேனான்னு. ரேஸ்ல ஓடிட்டு வந்த தாரோபிரெட் (ரேஸுக்குன்னே வளக்கற ஜாதி), காயடிச்ச ஆண் குதிரை, 9 வயசு, உங்ககிட்ட வந்து ஒரு வருஷம். மேய விட்டா நல்லா ஓடுது, லஞ்ச் கயித்துல (நடுவுல நின்னு நீளக் கயித்தப் பிடிச்சு வட்டமா ஓட்டறது) ட்ராட், அதாவது மிதமான ஓட்டம், பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா சாடில் (சேணம்) போட்டு நீங்க ஏறினா வலது பக்கம் கேன்டர், அதாவது ட்ராட்டுக்கு அடுத்த தாவி ஓடற ஓட்டம், எடுக்க மாட்டேங்குது, எடுத்தாலும் ரெண்டு பின்னங்காலையும் ஒட்டி வெச்சு முயல் தாவுற மாதிரி தாவுது, நடுவுல பின்னாடி மட்டும் கால மாத்திக்குது. ட்ராட்ல இடுப்பு ஒரு பக்கமா இழுக்குதுன்னு உங்களுக்குத் தோணுது, கீழ நின்னு பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியல. டாக்டர் ஒருத்தர் நடக்க விட்டு பாத்துட்டு நொண்டல் இல்லைன்னுட்டார். உங்க கோச் அது சோம்பேறித்தனம், குச்சிய எடுன்னு சொல்றார்.

குச்சிய எடுக்காதீங்க. முதல்ல இத சொல்லிட்டு மத்தத பேசறேன். நான் டாக்டர் இல்ல, 25 வருஷமா குதிரைகளோட கிடக்கறவன், அவ்வளவுதான், ஆனா இதே கதைய இதே வார்த்தையில நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன், அதுல வெறும் சோம்பேறித்தனமா முடிஞ்சது எனக்கு ஞாபகம் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்ல.

ஆள் ஏறினா மட்டும் வருதுன்றதுதான் உங்ககிட்ட இருக்கற பெரிய துப்பு, ஆனா அதைத்தான் எல்லாரும் "பாரு, சும்மா இருக்கும்போது நல்லாத்தான இருக்கு, அப்ப நடிக்குது"ன்னு தலைகீழா எடுத்துக்கறாங்க. குதிரை தன் இஷ்டத்துக்கு ஓடும்போது வலிக்கிற காலுக்கு எடைய கொறைச்சுக்கும், வட்டத்த கொஞ்சம் பெருசாக்கிக்கும், ஒரு நொடி முன்னாடியே காலத் தூக்கிடும், உங்க கண்ணுக்கு அது பிடிபடவே படாது. மேல 60, 70 கிலோ ஏறி, லகான்ல முகத்த பிடிச்சு, முதுக தூக்கி பின்னங்கால வயித்துக்கு அடியில கொண்டுவான்னு கேட்டா அந்த சலுகை எல்லாம் போயிடுது. இன்னொண்ணு, வலது கேன்டர்ல பிரச்சனைன்னா எல்லாரும் வலது பின்னங்கால போய் தடவிப் பாப்பாங்க. வலது கேன்டர்ல முதல்ல தரையில இறங்குறது இடது பின்னங்கால், அந்த ஒத்தக்கால்தான் மொத்த உடம்பையும் தாங்கி முன்னாடி தள்ளணும். அதனால இடது கால விட்டுடாதீங்க, நான் முதல்ல அங்கதான் பாப்பேன். ஆனா இத வெச்சே முடிவும் பண்ண முடியாது, எந்தக் கால்னு குதிரை நம்மள நல்லாவே ஏமாத்தும்.

வலி தேடறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த ஒதுக்கியே ஆகணும், இது உங்க உயிர் சம்பந்தப்பட்டது. இது வலியா, இல்ல நரம்பு பிரச்சனையா? வலியில நொண்டற குதிரை ஒவ்வொரு அடியிலயும் ஒரே மாதிரி நொண்டும், தாளம் மாதிரி. நரம்புல கோளாறுன்னா ஒவ்வொரு அடியும் வேற வேற மாதிரி விழும், ஒரு அடி அகலமா, அடுத்தது குறுக்க, அதுக்கடுத்தது நுனிக் குளம்ப தரையில தேச்சுட்டு, கால் எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாத மாதிரி. சின்ன வட்டத்துல சுத்த விடுங்க, வெளிக்கால் பம்பரம் மாதிரி அகலமா வீசிட்டு போகுதா, உள்கால் நட்ட இடத்துலயே நின்னு திருகுதான்னு பாருங்க. பின்னாடி நடக்க வைங்க. சரிவான இடத்துல தலைய கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு இறக்குங்க. அப்புறம் ஒருத்தர் முன்னாடி நடத்திட்டு போகும்போது இன்னொருத்தர் பக்கவாட்டுல நடந்துகிட்டே வாலப் பிடிச்சு தன் பக்கம் மெதுவா இழுக்கணும் (உதை விழாத இடமா பாத்து நடங்க, அனுபவம் உள்ள சைஸ், அதாவது குதிரைக்காரர், யாராச்சும் இருந்தா அவரையே செய்யச் சொல்லுங்க), நல்ல குதிரை உடனே எதிர்த்து இழுத்து நிமிரும், நரம்பு போன குதிரை தள்ளாடி உங்க மேலயே வந்து விழற மாதிரி வரும். இதுல ஒண்ணு சந்தேகமா இருந்தாலும் அன்னையில இருந்து யாரும் ஏறக்கூடாது. கேன்டர்ல பின்பக்கம் மடிஞ்சா குதிரை உங்க மேல உருளும்.

வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு இபிஎம்னு நரம்ப தாக்கற ஒட்டுண்ணி நோயா இருக்குமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அது அமெரிக்கா கண்டத்துல ஒப்போசம்னு ஒரு பிராணி மூலமா பரவுறது, உங்க குதிரை இந்தியாவுலயே பொறந்து வளந்ததுன்னா அத மறந்துடலாம். நமக்குன்னு தனியா ரெண்டு இருக்கு. ஒண்ணு, வடக்க கும்ரின்னு சொல்ற இடுப்பு பலவீனம். மாட்டோட வயித்துக்குள்ள சிட்டேரியான்னு ஒரு நூல் மாதிரி புழு இருக்கும், மாட்ட அது பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா கொசு மூலமா அதோட குட்டிப்புழு குதிரைக்கு வந்தா வழி தவறி தண்டுவடத்துக்குள்ள போயிடும். குதிரை கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு புழு நெளியற வீடியோ பாத்திருப்பீங்களே, அதே கூட்டம்தான். லாயத்துக்குப் பக்கத்துலயே மாட்டுக்கொட்டகை இருந்து, கொசு சீசன்ல திடீர்னு பின்பக்கம், அதுவும் ஒரு பக்கம் அதிகமா தள்ளாடினா இத டாக்டர்கிட்ட நீங்களே வாய்விட்டு கேளுங்க. இன்னொண்ணு சர்ரா, குதிரை ஈ கடிச்சு வர்ற ரத்த ஒட்டுண்ணி. 1880ல கிரிஃபித் எவன்ஸ்னு ஒரு ராணுவ கால்நடை டாக்டர் தேரா இஸ்மாயில் கான்ல குதிரை ஒட்டகத்தோட ரத்தத்துல கண்டுபிடிச்சது, அந்த ஜாதி கிருமி நோய் உண்டாக்கும்னு உலகத்துல முதல்ல தெரிஞ்சதே அப்பத்தான். விட்டு விட்டு காய்ச்சல், மெலிஞ்சுகிட்டே போகும், காலும் அடிவயிறும் வீங்கும், கடைசியில இடுப்பு ஆடும். காய்ச்சல் இருக்கற நேரத்துல ரத்தம் எடுத்து ஸ்லைடு பாக்கணும், ஒரு ஸ்லைடுல இல்லன்னா நோயே இல்லைன்னு அர்த்தம் இல்ல. உங்களுது மாசக்கணக்கா ஒரே மாதிரி இருக்கு, தீனி எடுக்குது, உடம்பு இருக்குன்றதால இது ரெண்டுக்கும் வாய்ப்பு கம்மின்னு நினைக்கறேன், இருந்தாலும் ரத்தம் எடுத்துடுங்க.

அதே ரத்தத்துல சிகே, ஏஎஸ்டின்னு ரெண்டு என்சைம் பாக்கச் சொல்லுங்க, தசை சேதம் இருந்தா ஏறும். தாரோபிரெட்ல இது சகஜம், ஞாயித்துக்கிழமை லீவு, ஆனா ஓட்ஸும் கொள்ளும் வழக்கம் போல முழு அளவு, திங்கக்கிழமை வேலைக்கு வந்தா பின்பக்கம் கட்டையா நிக்கும், வேர்த்துக் கொட்டும், முத்திப்போனா மூத்திரம் காபி கலர்ல வரும். லேசா வந்தா வெறும் "இன்னைக்கு மூடு சரியில்ல"ன்னு தோணும். கால் மணி நேரம் ட்ராட் பண்ணிட்டு 4ல இருந்து 6 மணி நேரம் கழிச்சு எடுக்கற ரத்தத்துல சிகே நல்லா தெரியும், காலையில சும்மா நிக்கும்போது எடுத்தா தெரியாம போகலாம். எப்படியும் லீவு நாள்ல தானியத்த பாதிக்கு கீழ இறக்கிடுங்க, ரிசல்ட்டுக்கு காத்திருக்க வேண்டாம்.

முட்டி பூட்டிக்கறது பத்தியும் கேட்டிருந்தீங்க. குதிரை நின்னுகிட்டே தூங்குதுல்ல, அதுக்காகவே ஸ்டைஃபிள்ல, அதாவது பின்னங்கால் மேல் முட்டியில, சில்ல ஒரு தசைநார் கொக்கி மாதிரி மாட்டி நிறுத்துற அமைப்பு இருக்கு. அந்தக் கொக்கி சரியான நேரத்துல கழலலன்னா கால் பின்னாடி நீட்டிகிட்டே இழுபடும், அப்புறம் டக்குனு விடும். லேசா இருந்தா நடையில இருந்து நிக்கும்போது, கேன்டர்ல இருந்து ட்ராட்டுக்கு இறங்கும்போது ஒரு குலுக்கல் மட்டும் தெரியும். வேலை இல்லாம தொடை தசை வத்திப்போன குதிரைக்கு, கால் ரொம்ப நேரா இருக்கற குதிரைக்கு வரும், மேட்டுல நடக்க விட்டு தசை ஏத்தினாலே நிறைய சரியாகும். நம்ம ஊர்ல ஒரு ஆபத்து இருக்கு, சொல்லிடறேன். மாட்டுக்கு இதே நோய் ரொம்ப சகஜம், அதுக்கு நிக்க வெச்சே அந்த நார அறுத்துவிடறது நம்ம டாக்டர்களுக்கு கை வந்த வேலை, அஞ்சு நிமிஷம். அதே பழக்கத்துல குதிரைக்கும் அறுத்துடலாம்னு சொல்லுவாங்க. குதிரைக்கு அது கடைசி வழி, அறுத்தப்புறம் சில்லு எலும்பு சிதைய வாய்ப்பு இருக்கு. நீங்க எழுதினதுல கால் பூட்டிக்கிட்டதா எங்கயும் இல்ல, அதனால யாராவது கத்திய எடுத்தா வேணாம்னு சொல்லுங்க.

இப்ப சாடில் கதைக்கு வர்றேன், இதுல நான் பட்ட பாட்ட சொன்னா உங்களுக்கு ஒரு வருஷம் மிச்சமாகும். என்கிட்ட ஒரு செம்பழுப்பு குதிரை இருந்துச்சு, அதுவும் ரேஸ்ல இருந்து வந்தது, நேரான பின்னங்கால், நல்ல மனசு. அதுல ஏறினா பத்து நிமிஷத்துல சாடில் வலது பக்கம் சரியும். நான் பேனல, அதாவது சாடிலுக்கு அடியில இருக்கற மெத்தைய, பிரிச்சு பஞ்சு ஏத்தினேன், மூணு தடவ. வயித்துப் பட்டைய மாத்தினேன். அப்புறம் நான்தான் கோணலா உக்காறேன்னு ஒரு கோச் சொல்லி மாசக்கணக்கா ரிகாப் (கால் வெக்கற வளையம்) இல்லாம ஓட்டி தொடை கிழிஞ்சுது. வேற சாடில் போட்டாலும் வலது, வேற பொண்ணு ஏறினாலும் வலது. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும், உறைக்கல, ஹாக்ல, அதாவது பின்னங்கால் நடு மூட்டுல, ஊசி போட்டோம், ரெண்டு மாசம் கொஞ்சம் பரவால்ல, மறுபடி பழைய குருடி கதவத் திறடி. கடைசியா வந்த டாக்டர் ஒரு ஆளு ஏறி ஓட்டச் சொல்லி பின்னாடி நின்னு பாத்தார், அப்புறம் வலது பின்னங்கால்ல ஹாக்குக்குக் கீழ, குளம்புக்கு மேல இருக்கற மூட்டத் தாங்கற சஸ்பென்சரி தசைநார் ஆரம்பிக்கற இடத்துக்கான நரம்ப மரத்துப்போக வெச்சார், கால் மணி நேரம் கழிச்சு அதே ஆள், அதே சாடில், சாடில் நட்டநடுவுல உக்காந்துச்சு. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, ஒரு வருஷமா தையக்காரன் வேலை பாத்திருக்கேன். அதோட முடியல, வலது மரத்ததும் இடது கால் நொண்ட ஆரம்பிச்சுது, ரெண்டு கால்லயும் இருந்திருக்கு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு சமன் பண்ணிட்டு இருந்ததாலதான் யாருக்கும் நொண்டலே தெரியல.

இது என் குதிரைக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்ல. இங்கிலாந்துல சூ டைசன்னு ஒரு குதிரை டாக்டரும் கூட இருந்தவங்களும் இதையே நிறைய குதிரைகள்ல பாத்து 2013 வாக்குல எழுதினாங்க, சாடில் எப்பவும் ஒரே பக்கம் சரிஞ்சா பின்னங்கால் நொண்டல தேடு, பெரும்பாலும் வலிக்கிற கால் பக்கமே சரியும், மரத்துப்போக வெச்சா நேராயிடும்னு. அதே டைசன் 2018ல ஆள் ஏறின குதிரைக்கு வலி இருக்கான்னு பாக்க 24 நடத்தை கொண்ட ஒரு பட்டியல் கொடுத்தாங்க, காத பின்னாடி மடக்கறது, வால வீசறது, வாயத் தொறக்கறது, பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்துல இருந்து விலகறது, கேன்டர்ல பின்னாடி கால் மாத்தறது, நுனிக் குளம்ப இழுக்கறதுன்னு போகும், 8ம் அதுக்கு மேலயும் இருந்தா வலி இருக்க நல்ல வாய்ப்புன்னு கணக்கு. நீங்க எழுதினதுலயே ரெண்டு மூணு வந்துடுச்சு. ஒரு பத்து நிமிஷம் வீடியோ எடுத்து உக்காந்து எண்ணுங்க, உங்க கோச்சையும் பக்கத்துல உக்கார வைங்க.

வீடியோ எப்படி எடுக்கறதுன்னா, இடுப்பு எலும்பு ரெண்டு பக்கமும் துருத்திட்டு இருக்கற இடத்துல வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு, நேரா பின்னாடி நின்னு ட்ராட்ட ஸ்லோ மோஷன்ல எடுங்க. எந்தப் பக்க டேப் அதிகமா ஏறி இறங்குதோ அந்தப் பக்கம் சந்தேகம். தலை ஆடறத மட்டும் பாத்து முன்னங்கால்னு முடிவு பண்ணிடாதீங்க, ட்ராட்ல குறுக்குக் கால்கள் ஜோடியா இறங்கறதால இடது பின்னங்கால் வலிச்சா தலை ஆடறது இடது முன்னங்கால் நொண்டற மாதிரியே காட்டும், இதுல முன்னங்கால எக்ஸ்ரே எடுத்து காசு விட்டவங்க எத்தனையோ பேர். கட்டாந்தரை, மணல் ரெண்டுலயும் எடுங்க, மூட்டு வலின்னா கட்டாந்தரையில கூடறது வழக்கம், சஸ்பென்சரி பெரும்பாலும் ஆழமான மணல்ல, அந்தக் கால் வட்டத்துக்கு வெளியில வரும்போது கூடும். ரைசிங் ட்ராட்ல, அதாவது தாளத்துக்கு எழுந்து உக்காந்து ஓட்டும்போது, எந்தக் கால் இறங்கும்போது உக்கார்றீங்கன்றத மாத்தி மாத்திப் பாருங்க, வலிக்கிற பின்னங்கால் இறங்கும்போது நீங்க உக்காந்தா பிரச்சனை பெருசாகும். உங்களுக்கு மட்டும் தெரியுது கீழ நிக்கறவங்களுக்கு தெரியலன்னு சொன்னீங்களே, அத மனப்பிராந்தின்னு விட்டுடாதீங்க. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேர்ற சாக்ரோஇலியாக் மூட்டுல வலி இருந்தா அப்படித்தான் இருக்கும், ட்ராட்ட விட கேன்டர் மோசம், கயித்துல விட ஆள் ஏறினா மோசம், பாக்கறவன விட ஏறினவனுக்கு நல்லா தெரியும், பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து தாவறதும் அதுல ஒரு அடையாளம்.

என் கணிப்பு கேட்டா, சாக்ரோஇலியாக் இல்லன்னா சஸ்பென்சரி, ரெண்டும் சேர்ந்து இருந்தாலும் ஆச்சரியம் இல்ல, கால்ல வலிய வெச்சுகிட்டு கோணலா ஓடி ஓடியே இடுப்பும் போயிடும். மூணாவதா முதுகு. சாடிலோட பேனல் கடைசி விலா, அதாவது 18வது விலாவ தாண்டி பின்னாடி போகக்கூடாது, கைய வெச்சு அந்த விலாவ தடவி மேல கொண்டுபோய் இன்னைக்கே பாருங்க, நிறைய பேர் சாடில் தாண்டித்தான் இருக்கு. முதுகு எக்ஸ்ரேல எலும்பு நுனிகள் ஒண்ணோட ஒண்ணு உரசறது தெரிஞ்சா உடனே அதுதான் காரணம்னு குதிச்சிடாதீங்க, வலியே இல்லாம நல்லா ஓடற குதிரைங்களுக்கும் அந்தப் படம் அப்படியே இருக்கும். ஹாக் எக்ஸ்ரேவும் அதே கதை. அந்த இடத்த மரத்துப்போக வெச்சு நடை மாறினாத்தான் நம்பணும்.

பின்னங்குளம்ப பக்கவாட்டுல இருந்து ஒரு ஃபோட்டோ எடுங்க. ரேஸ் குதிரைங்களுக்கு முன்னாடி நீளமா, குதிகால் நசுங்கி இருக்கறது வழக்கம், அப்படி இருந்தா ஹாக், சஸ்பென்சரி, இடுப்பு மூணுக்கும் சுமை ஏறும். லாடக்காரர்கிட்ட ஒரே நாள்ல நேராக்கச் சொல்லாதீங்க, ரெண்டு மூணு கட்டிங்ல கொண்டு வரட்டும்.

சிலர் பத்து நாள் பூட், அதாவது பினைல்பியூட்டசோன் வலி மருந்து, கொடுத்து பாரு, சரியாச்சுன்னா வலின்னு சொல்லுவாங்க. டாக்டர் அளவு சொன்னா பண்ணலாம், சரியாச்சுன்னா உபயோகமான தகவல், ஆனா சரியாகலன்னா வலி இல்லைன்னு ஆகாது, இந்த இடுப்பு வலி பாதி பூட்டுக்கு மசியாது. வயித்துப் புண்ணும் வரும், அதுவும் ரேஸ்ல இருந்து வந்ததுக்கு ஏற்கனவே புண்ணு இருக்கலாம், பட்டை இறுக்கும்போது கடிக்க வருதான்னு பாருங்க. மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபினாக் வாங்கி குத்திடாதீங்க, 2006ல இருந்து கால்நடைக்கு தடை, 2023ல கீட்டோப்ரோஃபெனும் ஏசிக்ளோஃபினாக்கும் சேர்ந்துச்சு, செத்த மாட்ட தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க அழிஞ்சது இதாலதான், நம்ம நீலகிரி பக்கம் மாயார்ல மிச்சம் இருக்கறதே கொஞ்சம்.

ஆக நீங்க தேடவேண்டியது நரம்ப மரத்துப்போக வெச்சு பாக்கத் தெரிஞ்ச குதிரை டாக்டர். ரேஸ் கிளப் பக்கம் வேலை பாக்கறவங்க, இல்லன்னா சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மாதிரி பெரிய இடம். ஸ்கேன் மெஷின் இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. சஸ்பென்சரிக்கு போடற மருந்து பக்கத்துல இருக்கற ஹாக்கோட கீழ் மூட்டுக்கும் கசியலாம், அதனால மரத்தப்புறம் சரியானாலும் ஸ்கேன்ல பாத்து உறுதி பண்ணணும். சாக்ரோஇலியாக் இடத்துல ஊசி போடறது இன்னும் நுணுக்கம், மருந்து கால் நரம்புக்கு பரவினா கொஞ்ச நேரம் பின்னங்கால் செயலிழந்து குதிரை விழும், பழக்கம் இல்லாதவங்கள போட விடாதீங்க.

என் குதிரை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பின்னங்கால் சஸ்பென்சரி முன்னங்கால் மாதிரி இல்ல, வெறும் ஓய்வுல தேறறது கொஞ்சம்தான். ஷாக்வேவ் (அதிர்வலை சிகிச்சை) கொடுத்து, மாசக்கணக்கா கயித்துல நடத்தி, அப்புறம் சமதரையில லேசா ஓட்டறதுக்கு மட்டும் வந்துச்சு, ஜம்பிங் விட்டாச்சு. ஒரு வருஷம் முன்னாடி பிடிச்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

டாக்டர் வர்ற தேதி முடிவானதும் வலி மருந்து எதுவும் கொடுத்துட்டு இருந்தா எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு அவர்கிட்ட கேட்டு நிறுத்துங்க. அன்னைக்கு சாடில், பட்டை, கடிவாளம் எல்லாம் எடுத்து வைங்க, வழக்கமா ஓட்டற நீங்களே ஏறணும், வலது கேன்டர் கேட்டே ஆகணும், "நடக்க விட்டா போதும்"னு சொன்னா விடாதீங்க. அதுவரைக்கும், மேல சொன்ன வீடியோவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தவிர, ஏறாம கையில பிடிச்சு நேர் ரோட்டுல நடத்துங்க, லஞ்ச் வட்டமும் வேணாம்.

அப்புறம் அந்த டேப் ஒட்டின வீடியோவ எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, எந்தக் கால்னு நானும் ஒரு பந்தயம் கட்டிப் பாக்கறேன்.